சேங்குவின்: ரத்தத்தில் பிறந்த ஒரு சொல்லைப் பழகும் வழி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரி ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘ஐ ஆம் நாட் சேங்குவின் அபௌட் தி டெட்லைன்.’ அந்தச் சொல்லை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அகராதியைத் திறக்கச் சோம்பல். வேதனையைக் குறிக்கும் ‘ஏங்குவிஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சாயல் அதில் தெரிந்தது. தமிழ்க் காதுக்கு உள்ளே ஒரு ‘ஏங்கு’ வேறு கேட்கிறது. ஆக சேங்குவின் என்றால் கவலை, முன்னால் ‘நாட்’ இருப்பதால் கவலை இல்லை, கெடுவைப் பற்றி மனிதர் அலட்டிக்கொள்ளவில்லை என்று நானே முடிவுகட்டி நிம்மதியாக இருந்துவிட்டேன். அவர் சொன்னது இதற்கு நேர் எதிர். கெடுவுக்குள் வேலை முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இந்தச் சொல்லில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒலியைக் கேட்டால் சோகம், வேர்ச்சொல்லைப் பார்த்தால் ரத்தம், பொருளோ மலர்ச்சி. அதனால் ஊகித்துப் படிக்க முயலாமல் ஒருமுறை உட்கார்ந்து முறையாகப் பழகிவிடுவது நல்லது. அரை மணி நேரம் போதும்.

முதலில் உச்சரிப்பு

எழுத்துகள் இவை: எஸ், ஏ, என், ஜி, யூ, ஐ, என், ஈ. கடைசியில் நிற்கும் ஈயைப் பார்த்து, ‘லைன்’ ‘வைன்’ போல இதையும் ‘சேங்குவைன்’ என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. பெங்குவின் பறவையை எல்லாருக்கும் தெரியும். அதில் ‘பெங்’கை எடுத்துவிட்டுச் ‘சேங்’ வைத்தால் முடிந்தது. அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும், ‘குவின்’ தேய்ந்து வர வேண்டும்.

நடுவில் இருக்கும் ககரத்தைப் பற்றித் தமிழர்கள் கவலைப்படவே வேண்டாம். ‘அங்கு’, ‘இங்கு’ என்று சொல்லும்போது ஙகர மெய்க்குப் பின் ககரம் தானாகவே மென்மையாக ஒலிக்கிறதல்லவா, அதே ஒலிதான் இங்கேயும். உகரத்தை மட்டும் முழுதாக இழுக்கக் கூடாது. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இரண்டே அசைகள், மூன்றல்ல. குற்றியலுகரம் பழகிய நாக்குக்கு இது பெரிய காரியமில்லை. ‘லேங்குவேஜ்’ என்று சொல்லும்போதும் நாக்கு இதையேதான் செய்கிறது.

பொருள்

அகராதியில் ‘நம்பிக்கையுள்ள’ என்ற வகையில் பொருள் கிடைக்கும். தவறில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் எழுதப் போனால் மாட்டிக்கொள்வோம். ஏனென்றால் தமிழில் ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல் அளவுக்கு மீறிச் சுமக்கிறது. கடவுள் நம்பிக்கை, நண்பன் மேல் வைத்த நம்பிக்கை, தன்னம்பிக்கை, காலம் மாறும் என்ற நம்பிக்கை எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றுதான். ஆங்கிலம் இவற்றை ஃபெய்த், டிரஸ்ட், கான்ஃபிடன்ஸ், ஹோப் என்று பிரித்து வைத்திருக்கிறது. சேங்குவின் இவற்றில் முதல் இரண்டின் பக்கமே போகாது. கடைசி இரண்டுக்கும் இடையில் அதற்கென்று ஒரு சின்ன இடம் இருக்கிறது.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒரு நாடகக் குழு. மேடையேற இன்னும் 10 நாள். பாதிப் பேருக்கு வசனம் மனப்பாடமாகவில்லை, திரைச்சீலை இன்னும் தைத்து வரவில்லை. இயக்குநர் ‘எப்படியாவது சரியாகிவிட்டால் நல்லது’ என்று நினைத்தால் அவர் ஹோப்ஃபுல். அதில் ஆசைதான் அதிகம். ‘இதே குழுவை வைத்து இதைவிடக் கடினமான நாடகம் போட்டிருக்கிறேன், கட்டாயம் முடியும்’ என்றால் கான்ஃபிடன்ட். அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஆதாரம் நிற்கிறது. எதைக் கேட்டாலும் நல்லதே நடக்கும் என்கிற ஆள் என்றால் ஆப்டிமிஸ்ட், அது அவருடைய சுபாவம். சிக்கல் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தும் முகம் வாடாமல், ‘பார்த்துக்கலாம், நல்லபடியா முடியும்’ என்று தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தால் அவர்தான் சேங்குவின்.

ஆகவே இந்தச் சொல் பொருந்த மூன்று விஷயம் ஒன்றாக அமைய வேண்டும். பேச்சு இனி நடக்கப்போகும் ஒன்றைப் பற்றியதாக இருக்க வேண்டும். அது எப்படி முடியும் என்பதில் கொஞ்சமாவது சந்தேகம் இருக்க வேண்டும். அந்தச் சந்தேகம் ஆளைக் கலக்காமல் இருக்க வேண்டும். நாளை சூரியன் உதிப்பதைப் பற்றி யாரும் சேங்குவினாக இருக்க முடியாது, அதில் சந்தேகமே இல்லையே. நேற்று கிடைத்த பரிசைப் பற்றியும் முடியாது, அது நடந்து முடிந்துவிட்டது.

தமிழில் இதற்கு நெருங்கிய சொல்லைத் தேடினால் என் ஓட்டு ‘நம்பிக்கை’க்கு விழாது, ‘தெம்பு’க்குத்தான். ‘ஆள் தெம்பாக இருக்கிறார்’ என்னும்போது உடம்பும் மனமும் சேர்ந்தே தெரிகின்றன. சேங்குவினும் அப்படித்தான் பிறந்தது. ஒரே ஒரு வித்தியாசம்: தெம்பு ஆளின் நிலையைச் சொல்கிறது, சேங்குவின் ஆள் எதிர்பார்த்திருக்கும் காரியத்தை நோக்கித் திரும்பியிருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான வாக்கியங்கள் விளங்கிவிடும்.

ரத்தம் எப்படித் தெம்பானது

லத்தீனில் ‘சாங்குயிஸ்’ என்றால் ரத்தம். அதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஜெஃப்ரி சாசர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ‘கேன்டர்பரி கதைகள்’ நூலின் முன்னுரையில் நிலக்கிழார் ஒருவர் வருகிறார். வெள்ளைத் தாடி, சாப்பாட்டுப் பிரியர், வாழ்க்கையை அனுபவிப்பதே குறி. அவருடைய உடல்வாகைச் சொல்லச் சாசர் எடுத்த சொல் இதுதான். அங்கே அது ‘நம்பிக்கை’யைக் குறிக்கவில்லை, உடலில் ரத்தம் தூக்கலாக இருக்கும் ஆள் என்பதைக் குறித்தது.

அப்படி ஒரு வகைப்பாடு அன்றைய மருத்துவத்தில் இருந்தது. உடம்பில் ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு நீர்மங்கள் ஓடுகின்றன, அவற்றின் கலவை விகிதம்தான் ஒருவருடைய உடல்நலத்தையும் குணத்தையும் தீர்மானிக்கிறது என்பது கொள்கை. ஹிப்போகிரேட்டஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்களில் இது இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்ற மருத்துவர் இதை விரித்து எழுதியதும், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பிய மருத்துவம் இதிலேயே ஊறிக் கிடந்தது. ரத்தம் மிகுந்தவருக்குச் சிவந்த முகம், கலகலப்பு, துணிச்சல். மஞ்சள் பித்தம் மிகுந்தால் கோபம். சளி மிகுந்தால் மந்தம். கரும்பித்தம் மிகுந்தால் துயரம்.

வில்லியம் ஹார்வி 1628இல் ரத்தம் உடலுக்குள் சுற்றி வருகிறது என்று எழுதினார். அதற்குப் பிறகும் அந்தக் கொள்கை உடனே சாகவில்லை. 19ஆம் நூற்றாண்டில்தான் மருத்துவம் அதை முற்றாகக் கைவிட்டது. கொள்கை போனாலும் சொற்கள் போகவில்லை. சேங்குவின், காலரிக், ஃபிளெக்மேட்டிக், மெலங்காலிக் நான்கும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. ‘டெம்பரமென்ட்’ என்ற சொல்லே கலவை என்ற பொருளில் பிறந்ததுதான். ‘ஹ்யூமர்’ என்று நாம் நகைச்சுவைக்குச் சொல்கிறோமே, அதுவும் அந்த உடல் நீர்மங்களின் பெயர்.

நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ‘பித்தம் தலைக்கேறிவிட்டது’ என்கிறோம், ‘பித்தன்’ என்கிறோம், ‘பித்துப் பிடித்து அலைகிறான்’ என்கிறோம். சொல்லும்போது ஈரலை யாரும் நினைப்பதில்லை. ஆங்கிலத்தில் பித்தம் கோபமாகவும் துயரமாகவும் போனது, தமிழில் பைத்தியமாகப் போனது, அவ்வளவுதான்.

ரத்தத்தில்தான் இரண்டு மொழிகளும் பிரிகின்றன. தமிழில் ரத்தம் என்றால் ஒன்று கோபம், ‘ரத்தம் கொதிக்கிறது’. இல்லாவிட்டால் உறவு, ‘ரத்த பாசம்’. மலர்ச்சிக்கும் ரத்தத்துக்கும் நாம் முடிச்சுப் போடுவதில்லை. ஒரே ஒரு பாலம் இருக்கிறது: ‘இளரத்தம்’. ‘இளரத்தம், அப்படித்தான் துணிந்து இறங்குவான்’ என்று பெரியவர்கள் சொல்லும்போது அதில் இருக்கும் அச்சமின்மையும் கொஞ்சம் அவசரமும் சேங்குவினுக்கு நெருங்கிய சொந்தம். சொல் நினைவில் நிற்காதவர்கள் இந்த இளரத்தத்தைப் பிடித்துக்கொள்ளலாம். எனக்கு அப்படித்தான் நின்றது.

சிவப்பு நிறம் என்ற பழைய பொருளும் ஓரங்களில் உயிரோடு இருக்கிறது. ஓவியர்கள் பயன்படுத்தும் செம்மண் நிறச் சுண்ணக்கோலுக்கும் அதில் வரைந்த படத்துக்கும் இதே பெயர்தான். லியோனார்டோ டா வின்சி தன்னையே வரைந்துகொண்டதாகக் கருதப்படும், இத்தாலியின் டூரின் நகரில் இருக்கும் தாடிக்கார முதியவர் படம் இந்த வகை. பழைய நாவல்களில் ஒருவருடைய முகத்தை இந்தச் சொல்லால் வர்ணித்திருந்தால் சிவந்த முகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

யாரோடு சேர்ந்து வரும்

ஒரு சொல்லின் பொருள் தெரிந்தால் அதைப் படிக்கலாம். எழுத வேண்டுமானால் அது யாரோடு சேர்ந்து நடக்கிறது என்று தெரிய வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ஆகவே இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

இன்றைய ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்பதில்லை, வினைக்குப் பின்னால் நிற்கிறது. ‘ஷி இஸ் சேங்குவின் அபௌட் தி அவுட்கம்’ என்பது நல்ல வாக்கியம்: முடிவு நல்லபடியாக இருக்கும் என்று அவள் நினைக்கிறாள். பின்னால் ‘அபௌட்’ போட்டால் என்றைக்கும் தப்பில்லை. பழைய நூல்களில் ‘ஆஃப்’ போட்டு ‘சேங்குவின் ஆஃப் சக்சஸ்’ என்று எழுதியிருப்பார்கள். படித்தால் புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் எழுத வேண்டாம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது ‘ஹோப்’, ‘எக்ஸ்பெக்டேஷன்’, ‘வியூ’, ‘அசெஸ்மென்ட்’ மாதிரியான சில சொற்களோடுதான் ஒட்டும். ‘சேங்குவின் சிரிப்பு’, ‘சேங்குவின் காலைப்பொழுது’ எல்லாம் ஒட்டாது.

இதைவிட முக்கியம், இந்தச் சொல் எதிர்மறையோடு வெகுவாகப் பழகும். ‘நாட் சேங்குவின்’, ‘லெஸ் சேங்குவின்’, ‘நாட் ஸோ சேங்குவின்’, ‘ஃபார் ஃப்ரம் சேங்குவின்’ என்றெல்லாம் செய்தித்தாள்களின் பொருளாதாரப் பக்கங்களிலும் தலையங்கங்களிலும் அடிக்கடி கண்ணில் படும். ஒருவர் ஒரு திட்டத்தைப் புகழ்ந்து பேசுவார், அடுத்த பத்தியில் ‘மற்றவர்கள் அவ்வளவு சேங்குவினாக இல்லை’ என்று வரும். அது மரியாதையான மறுப்பு. ‘இது உருப்படாது’ என்று முகத்துக்கு நேரே சொல்லாமல், ‘எனக்கு அவ்வளவு தெம்பாகத் தோன்றவில்லை’ என்று ஒதுங்கிக்கொள்வது. ஆங்கிலத்தில் குறைத்துச் சொல்லும் பழக்கம் அதிகம். இந்த வாக்கியத்தை அப்படியே முகமதிப்பில் எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய பொறுப்பில் இருப்பவர் ‘நாட் சேங்குவின்’ என்றால் கதை கிட்டத்தட்ட முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

முன்னால் ‘டூ’ அல்லது ‘ஓவர்லி’ சேர்ந்தால் தொனி இன்னொரு பக்கம் போகும். ‘யூ ஆர் டூ சேங்குவின்’ என்பது பாராட்டில்லை, கண்டிப்பு. ஆபத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு தெம்பாக இருக்கிறாய் என்று அர்த்தம். இளரத்தம் என்பதில் இருக்கும் அந்த மெல்லிய குத்தல் இங்கே வெளிப்படையாகவே வந்துவிடுகிறது.

ஒப்பிடும்போது ‘மோர் சேங்குவின்’ என்றே வரும், வால் ஒட்டிச் ‘சேங்குவினர்’ என்று ஆக்கக் கூடாது. ‘சேங்குவின்லி’ என்ற வினையடை உண்டு, ஆனால் யாரும் அதிகம் எழுதுவதில்லை. இதன் பெயர்ச்சொல் வடிவங்களும் காதுக்கு இடறும். பெயர்ச்சொல் தேவைப்பட்டால் பேசாமல் ‘ஆப்டிமிசம்’ என்று எழுதிவிட்டுப் போகலாம்.

அப்புறம், இது எழுத்துக்கு உரிய சொல். அறிக்கை, கட்டுரை, அலுவல் கடிதம் என்றால் சரி. நண்பர்களோடு அரட்டையில் இதை இறக்கினால் திருமண அழைப்பிதழ் நடையில் கடன் கேட்டது போல இருக்கும்.

குழப்பிவிடும் உறவினர்கள்

இவர்களில் ஆபத்தானது ‘சேங்குவினரி’. வால் மட்டும்தான் வித்தியாசம், பொருளோ ரத்தக்களரி. ‘சேங்குவினரி பேட்டில்’ என்றால் ரத்தம் ஆறாக ஓடிய போர். தளபதி போரைப் பற்றிச் சேங்குவினாக இருந்தார் என்றால் வெல்வோம் என்று நினைத்தார். தளபதி சேங்குவினரி என்றால் ரத்தவெறி பிடித்தவர். சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய எழுத்தில் சேங்குவின் என்ற சொல்லையே ரத்தவெறி என்ற பொருளிலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பழைய நூல் படிக்கும்போது மட்டும் அந்தச் சந்தேகத்தை ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

‘சேங்குவினியஸ்’ மருத்துவமனைச் சொல். காயத்திலிருந்து வடியும் நீரில் ரத்தம் கலந்திருப்பதைக் குறிப்பது. மருத்துவத் துறையில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நோயாளி தேறிவிடுவார் என்று எழுதும் இடத்தில் சேங்குவினை எடுக்காதீர்கள். பக்கத்து வரியிலேயே ரத்தம் வடிந்துகொண்டிருக்கும், படிக்கிறவருக்குத் தலை சுற்றும். ‘கன்சேங்குவினியஸ்’ ஒரே ரத்தம், அதாவது ரத்த உறவு. மரபியலில் நெருங்கிய சொந்தத்துக்குள் நடக்கும் திருமணத்தை இப்படிச் சொல்வார்கள்.

பிரெஞ்சிலிருந்து அப்படியே வந்த ‘சான்-ஃப்ருவா’ என்ற இன்னொரு உறவும் உண்டு. நேர்ப்பொருள் குளிர்ந்த ரத்தம். ஆபத்து நேரத்தில் பதறாமல் இருப்பதைப் பாராட்டும் சொல் அது. இரண்டிலும் ரத்தம், இரண்டிலும் கலங்காத மனம். ஆனால் சான்-ஃப்ருவாவில் நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பு இருக்க வேண்டியதில்லை. கப்பல் மூழ்கத்தான் போகிறது என்று தெரிந்தும் நிதானமாகப் படகுகளை இறக்கச் சொல்லும் மாலுமிக்குச் சான்-ஃப்ருவா. ‘ஓட்டை சின்னதுதான், கரை சேர்ந்துவிடுவோம்’ என்பவர் சேங்குவின்.

பிரெஞ்சோ ஸ்பானிஷோ தெரிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த மொழிகளில் இதன் உடன்பிறப்புகள் ரத்தத்தை விட்டு விலகவே இல்லை, ரத்த வகை என்று சொல்லக்கூட அவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலத்துக்கு வரும்போது அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

எழுதிப் பழகுவது

சொல்லை மனப்பாடம் செய்வதற்குப் பதிலாகத் தமிழில் ஒரு சோதனை வையுங்கள். நீங்கள் எழுத நினைக்கும் வாக்கியத்தில் ‘நல்லபடியா முடியும் என்றே நினைக்கிறார்’ அல்லது ‘அவ்வளவு தெம்பாகத் தோன்றவில்லை’ என்று போட்டுப் பாருங்கள். இயல்பாக உட்கார்ந்தால் சேங்குவின் வரலாம். உறுத்தினால் வேறு சொல்.

இரண்டு முறை முறிந்த பேச்சுவார்த்தை மூன்றாவது சுற்றில் கனியும் என்று தூதர் எதிர்பார்க்கிறார். இங்கே சொல் கச்சிதமாக உட்காரும்: வருங்காலம் இருக்கிறது, சந்தேகம் இருக்கிறது, வாடாத முகமும் இருக்கிறது. ‘அண்ணன் மேல் எனக்கு முழு நம்பிக்கை’ என்பதில் வராது, அது டிரஸ்ட். ‘மழை பெய்ததும் மனசு உற்சாகமாகிவிட்டது’ என்பதிலும் வராது. அது வெறும் மனநிலை, எதையும் எதிர்நோக்கவில்லை. ‘அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் பழையபடி வருமா என்று பாடகர் கேட்டார், மருத்துவர் பிடிகொடுக்காமல் பேசினார்’ என்பதில் மருத்துவர் நாட் சேங்குவின். பாடகர் மட்டும் அடுத்த கச்சேரிக்குத் தேதி குறித்துக்கொண்டிருந்தால் அவர் டூ சேங்குவின். ஒரே காட்சியில் இரண்டும் வருவதால் பழகுவதற்கு இது நல்ல வாக்கியம். இதையே நான்கைந்து விதமாக மாற்றி எழுதிப் பாருங்கள்.

ஒரு வாரத்துக்கு நாளொன்றுக்கு ஒரு வாக்கியம் போதும். முதல் மூன்று நாள் எதிர்மறையில் மட்டும் எழுதுங்கள், அதுதான் வெளியில் அதிகம் கண்ணில் படும் வடிவம். பிறகு ‘டூ’ சேர்த்து எழுதுங்கள். நேர்மறையைக் கடைசியில் தொட்டால் போதும். பாடப்புத்தக வரிசைக்கு இது தலைகீழ்தான், ஆனால் இந்தச் சொல்லுக்கு இதுதான் ஒத்துவரும். எழுதியதை மறுநாள் தமிழில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். திருப்பும்போது ‘நம்பிக்கை’ என்ற சொல்லே வராமல் சொல்ல முடிந்தால் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அந்த மின்னஞ்சலையும் இப்போது திருப்பிச் சொல்லிவிடலாம்: ‘கெடுவுக்குள் முடியும் என்று எனக்கு அவ்வளவு தெம்பாகத் தோன்றவில்லை.’ அதற்கு நான் அன்று அனுப்பிய பதில் நான்கே சொற்கள்: ‘கிளாட் டு ஹியர் தட்!’